ஆளைக் கொணர்க!

“நாட்டில் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, குற்றமற்றவன் எதற்காக அஞ்ச வேண்டும்?” என்று கேட்பது ஆளவந்தாரின் வழக்கம். பீடத்தில் அமர்வோர் மாறினர். அவர்தம் கொடியும் கோஷமும் மாறின. இந்தக் கேள்வி மட்டும் மாறவேயில்லை. வெள்ளைக்காரன் கேட்டான், அவன் போன பின்னர் வந்த காங்கிரஸ் சர்க்கார் கேட்டது, நெருக்கடி நிலைக் காலம் கேட்டது, இன்றும் கேட்கிறார்கள். இதற்கு விடையாக ஏழை எளியவன் எழுப்பக்கூடிய எதிர்க்கேள்வி ஒன்றே ஒன்று உண்டு: “சட்டம் இருக்கட்டும் ஐயா, என் மகன் எங்கே?”

அந்தக் கேள்விக்குச் சட்டம் சூட்டியுள்ள பெயர்தான் ஆட்கொணர்வு மனு. ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்று வக்கீல்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல் இலத்தீனாயினும் பொருள் எளிது. “நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை மன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டத்தின்படி பிடித்தாய் என்று சொல், சொல்ல முடியாவிடில் அவனை விட்டுவிடு” என்று அதிகாரத்தைப் பார்த்து ஆணையிடுவதே அது. பிடிபட்டவன் உள்ளே இருக்கிறான். அவனால் படியேறி வரவியலாது. ஆகவே அவனுக்காகத் தாய் வரலாம், தந்தை வரலாம், மனைவி வரலாம், உடன்பிறந்தார் வரலாம், உற்ற நண்பனும் வரலாம். பிற வழக்குகளில் “இதில் உனக்கென்ன பாத்தியதை?” என்று கேட்கின்ற நீதிமன்றம், இங்கே அந்தக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது.

இதன் அருமையை உணர மதுரைக்காரர்கள் இலண்டன் மாநகர் வரையில் செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பார்த்தாலே போதும். பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பிப் பாண்டியன் ஆணை பிறப்பித்தான். என்ன ஆணை? கள்வனிடம் சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவரும்படி காவலரை ஏவினான். தோழர்களே, இந்த ஆணையைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். மன்னன் கொண்டுவரச் சொன்னது சிலம்பை, ஆளை அல்ல! கோவலனைக் கொண்டுவந்து அவையிலே நிறுத்தி, “உன் சிலம்பினுள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், கோப்பெருந்தேவியின் சிலம்பு எது, கண்ணகியின் சிலம்பு எது என்பது அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும். அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஆனால் அவன் வெட்டுண்டு மண்ணில் வீழ்ந்தபின் கேட்கப்பட்டது. கண்ணகி வழக்கிலே வென்றாள், மன்னன் தன் தவற்றை உணர்ந்து உயிர் துறந்தான், மதுரை எரிந்தது. இவ்வளவும் நடந்தும் கோவலன் எழுந்து வரவில்லை.

ஆட்கொணர்வு மனுவைப் பற்றி இக்கட்டுரை சொல்ல விழைவது இந்த ஒன்றைத்தான்: காலத்தே கேட்கப்படாத “ஆள் எங்கே?” என்ற கேள்வி, வழக்கை வென்று ஆளை இழக்கும் கேள்வியாகிவிடும்.

இந்தக் கேள்வியை எப்படியெல்லாம் தடுத்தார்கள் என்பதைச் சரித்திரம் சொல்லும். தன் நாட்டில் 1679இலேயே ஆட்கொணர்வுச் சட்டம் இயற்றிப் பெருமை பேசிய ஆங்கிலேயன், இங்கே வந்ததும் 1818இல் வங்காளத்துக்கும் 1819இல் சென்னை மாகாணத்துக்கும் ஒழுங்குமுறை விதிகளைச் செய்து, விசாரணையின்றியே மனிதரை அடைத்து வைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டான். 1907இல் லாலா லஜபதிராய் மாண்டலேக்குக் கொண்டு செல்லப்பட்டது அந்த வங்காள விதியின் கீழேதான். 1898ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தின் 491ஆம் பிரிவு ஆட்கொணர்வுக்கு இடமளித்தது, ஆனால் யாருக்கு? சென்னை போன்ற மாகாணத் தலைநகரின் எல்லைக்குள் இருந்தவர்க்கு! மதுரை போன்ற வெளி மாவட்டத்தாரும் அதன் பயனைப் பெற 1923ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. பட்டணத்தான் உடலுக்கு ஒரு மதிப்பு, பட்டிக்காட்டான் உடலுக்கு ஒரு மதிப்பு!

வெள்ளையன் போனான், விதி போயிற்றா? 1950 ஜனவரி 26இல் குடியரசு பிறந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குத் தேவை என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம், மீண்டும் மீண்டும் ஆயுள் நீட்டிக்கப்பட்டு 1969 இறுதி வரையில் உயிரோடிருந்தது. அன்று சென்னை இராஜ்யச் சிறையிலே கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதலே அடைபட்டுக் கிடந்தார். 1950 மார்ச் முதல் நாளன்று, சிறைக்குள்ளிருந்த அவரிடமே புதிய சட்டத்தின் கீழான ஆணையை நீட்டினர். அவர் உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார், வழக்கறிஞர் எம். கே. நம்பியார் வாதாடினார். மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தைச் செல்லுமென்றனர். நீதிபதி பசல் அலி மாறுபட்டு நின்றார். மனு தோற்றது. எனினும் முற்றிலும் தோற்கவில்லை! காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்கும் சொல்லக்கூடாது என்று வாய்ப்பூட்டுப் போட்டிருந்த 14ஆம் பிரிவைச் செல்லாதென்று அந்த அமர்வு தள்ளியது. அன்றைக்கு அந்தப் பூட்டு உடைந்திராவிட்டால், இன்றைக்கு ஒரு தாய் தன் மகனுக்காக வாதிட எந்தக் காகிதத்தைக் கையில் ஏந்துவாள்?

அடுத்து வந்தது 1975 ஜூன் 25. நெருக்கடி நிலையில் மிசாவின் கீழ் அடைக்கப்பட்டோர்க்காக நாடெங்கும் மனுக்கள் குவிந்தன. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் அவற்றைக் கேட்கலாமென்றன. 1976 ஏப்ரல் 28இல் உச்சநீதிமன்றமோ, நான்கு நீதிபதிகள் ஒருபுறமாக, நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு கேட்கும் உரிமையே எவர்க்கும் இல்லையென்று சொல்லிற்று. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் முடியாதென்றார். அதற்கு விலையாகத் தமக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவியை இழந்து விலகினார். அந்தத் தீர்ப்பு தவறானதென்று உச்சநீதிமன்றமே ஒப்பிக் கைவிட்டது 2017இல். நாற்பத்தோராண்டு கழித்து வந்த ஞானோதயம்!

அந்த இருட்டில் ஒரு தந்தை பட்ட பாட்டைப் பாருங்கள். கோழிக்கோடு பொறியியற் கல்லூரி மாணவன் ராஜன், 1976 மார்ச் முதல் நாளன்று போலீசாரால் கொண்டுபோகப்பட்டான். தந்தை ஈச்சர வாரியர், இந்தி கற்பித்த ஆசிரியர், அமைச்சர் வாயில், அதிகாரி வாயில், சிறை வாயில் எனப் படியேறிப் படியிறங்கினார். ஆட்கொணர்வு கேட்க வழியில்லை, வழி அடைக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலை நீங்கிய சில நாட்களிலேயே, 1977 மார்ச்சில், கேரள உயர்நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். “அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை” என்று சர்க்கார் சாதித்தது. நீதிமன்றம் நம்பவில்லை, ஏப்ரல் 13இல் ஆளைக் கொண்டுவர ஆணையிட்டது. கொண்டுவர ஆள் ஏது? கக்கயம் முகாமின் சித்திரவதையிலேயே அந்த இளைஞன் மாண்டுவிட்டான். நெருக்கடி நிலையின்போது உள்துறையை வைத்திருந்து, அப்போது முதலமைச்சராகவும் ஆகியிருந்த கருணாகரன், பதவியேற்ற ஒரே மாதத்தில் விலக நேர்ந்தது. ஒரு தகப்பன் எழுதிய மனு முதலமைச்சர் நாற்காலியையே கவிழ்த்தது. ஆயினும் பிள்ளையின் உடல்கூட அந்தத் தகப்பன் கைக்குக் கிட்டவில்லை. ஓராண்டு முன்னதாக அந்த மனு கேட்கப்பட்டிருந்தால்?

பழங்கதை பேசுகிறோம் என்று எவரும் எண்ணற்க. இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், மக்கள் வாயில் ‘குண்டாஸ்’. கள்ளச்சாராயம், போதைப்பொருள், அடிதடி என்று தொடங்கிய பட்டியல், காட்டுக் குற்றம், திருட்டு வீடியோ, மணற் கொள்ளை, இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று நீண்டுகொண்டே போயிற்று. மாவட்டத்தில் கலெக்டர், மாநகரில் போலீஸ் கமிஷனர் கையொப்பமிட்டால் போதும். குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே ஒருவனை 12 மாதம் வரையில் அடைத்து வைக்கலாம். தடுப்புக் காவலில் வைக்கப்படுவோர் தொகையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. இந்தப் பெருமையில் கழகத்துக்குக் கழகம், ஆட்சிக்கு ஆட்சி வேற்றுமை கண்டவர் உண்டோ?

“ரவுடிகளுக்குப் பரிந்து பேசுகிறீரா?” என்று சீறுவார் சிலர். சீறட்டும். கத்தி எடுத்தவனைச் சட்டப்படி குற்றஞ்சாட்டி, சாட்சியை நிறுத்தி, தண்டனை வாங்கித் தரட்டும். நாம் மாலையிட்டு வரவேற்கவா போகிறோம்? ஆனால் வழக்கை நடத்தும் வேலையிலிருந்து தப்பிக்கத் தடுப்புக் காவலைக் குறுக்கு வழியாகக் கொண்டால் என்ன ஆகிறது? உண்மைக் குற்றவாளி, ஆணை ரத்தானதும் தண்டனையேதுமின்றி மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வருகிறான். அப்பாவியோ வேலையிழந்து, கடன்பட்டு, ‘குண்டாஸில் போனவன்’ என்ற பட்டத்தோடு வருகிறான். சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் ஆணை கூடாதென்று உச்சநீதிமன்றம் 2011இல் சொன்னது. அதுவும் இந்தத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற, கணவனுக்காக மனைவி தொடுத்த வழக்கிலேதான்.

மேலும், வலை விரித்தபின் எந்த மீன் விழுமென்று யார் கண்டது? சேலத்தில் துண்டறிக்கை வழங்கிய ஒரு மாணவிமீது 2017இல் குண்டர் சட்டம் பாய்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை நீக்கிற்று. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஆலையை எதிர்த்துச் சென்ற மக்களைச் சுட்டார்கள், பதின்மூவர் மாண்டனர். செத்தவர் போக உயிரோடிருந்தவர் சிலரைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். அவர்தம் உறவினர் ஓடிவந்தது எங்கே? மதுரைக்கு, மேலூர்ச் சாலையில் உலகனேரியில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளைக்கு. அந்த ஆணைகள் அவ்வாண்டிலேயே ரத்தாயின. 2004 ஜூலை 24க்கு முன்னர் இப்படியொரு கிளை இல்லை. கன்னியாகுமரியானாலும் மதுரையானாலும் தாயொருத்தி 400 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் பயணப்பட்டாக வேண்டியிருந்தது. தென்மாவட்ட மக்கள் நெடுநாள் கேட்டுப் பெற்ற கதவு அது. பெற்ற கதவைத் தட்டத் தெரிந்திருக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி.

தோழர்களே! நள்ளிரவில் ஒரு தாய் கட்சி அலுவலகத்துக்கு வந்து, “என் பிள்ளையை வண்டியிலே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்” என்று கதறினால், கிளைச் செயலாளர் செய்ய வேண்டியது என்ன? ஆறுதல் சொல்வது மட்டுமா? முதலில் ஒரு தாளை எடுத்து, எந்த நேரம், எந்த இடம், என்ன வண்டி, யார் பார்த்தார் என்பதை எழுத வேண்டும். காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாங்க மறுத்தால், அதே தாளை மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் கமிஷனருக்கோ பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரப்படுத்த வேண்டும். பிடித்த ஆளை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டுமென்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. நிறுத்தவில்லையா? உடனே வக்கீலைக் கொண்டு ஆட்கொணர்வு மனு தயாரிக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், காவலில் இருப்போர்க்கும், தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்களுக்கும் இலவச உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. எவரும் போடும் பிச்சையன்று.

மாஜிஸ்திரேட் முறைப்படி ரிமாண்டு செய்துவிட்டாலோ, பொதுவாக வழி ஜாமீன் மனுதான், ஆட்கொணர்வு அன்று. இதை அறியாமல் அலைந்து காலமும் காசும் கரைந்தவர் பலர். ரிமாண்டில் இருப்பவன்மீது குண்டர் சட்ட ஆணை வந்தால், மீண்டும் ஆட்கொணர்வுக்கு வழி திறக்கிறது. அப்போது, காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய கட்டு ஐந்து நாளுக்குள் அவன் கைக்கு வந்ததா? அவனுக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? பக்கங்கள் படிக்கும்படி இருக்கின்றனவா? சர்க்காருக்கு அனுப்பிய முறையீட்டின்மீது எந்த நாளில் பதில் வந்தது? இவற்றையெல்லாம் தேதி வாரியாகக் குறித்து வையுங்கள். முறையீட்டைத் தாமதமாகக் கவனித்தது ஒன்றே பல ஆணைகளைச் சாய்த்திருக்கிறது. அறிவுரைக் குழுவின் முன் வக்கீல் வாதாட இடமில்லை. ஆனால் வழக்கறிஞரல்லாத நண்பர் ஒருவர் துணை நிற்கலாமென்று உச்சநீதிமன்றம் 1981இல் ஏ. கே. ராய் வழக்கில் ஒப்பியிருக்கிறது. அந்த நண்பர் ஏன் நம் தோழர்களில் ஒருவராக இருத்தலாகாது?

இவ்வளவு விரைவு எதற்கு என்று கேட்பவர்கள், மதுரையிலிருந்து சிறிது தொலைவே உள்ள திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தை நினைக்கட்டும். 2025 ஜூன் மாதம், நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு கோயில் காவலாளி, போலீசார் பிடியிலேயே அடிபட்டு மாண்டார். நகை களவு என்று ஒருவர் சொன்ன சொல். விசாரணைக்கு முன்னரே தண்டனை. பின்னர் ஊரெல்லாம் கொதிப்பு. சிலப்பதிகாரம் பழங்காப்பியம் என்று யார் சொன்னது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆட்கொணர்வு மனு தொடுக்கும் உறவினர் எல்லோரும் விடுதலை கோரி வருபவர்கள் அல்லர். சாதி விட்டுச் சாதி மணந்த மகளை, “கடத்திவிட்டார்கள், மீட்டுத் தாருங்கள்” என்று கேட்டு வருகின்ற பெற்றோரும் உண்டு. மேஜரான பெண்ணை நீதிபதி கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “அம்மா, நீ எங்கே போக விரும்புகிறாய்?” கேரளத்தில் ஒரு தந்தையின் ஆட்கொணர்வு மனுவை வைத்து, உயர்நீதிமன்றம் வயதுவந்த மகளின் மணத்தையே செல்லாதென்று சொல்லிற்று, 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதைத் திருத்த நேர்ந்தது. விலங்கை உடைக்கப் பிறந்த சுத்தியல் விலங்கு பூட்டவும் பயன்படுமாயின் அது நாட்டுக்கே நாணம். மனு எழுதித் தாருங்கள் என்று நம்மிடம் வருபவர்கள் எவராயினும், அடைபட்டவரின் விருப்பமே நமக்கு அளவுகோல்.

கதவைத் தட்டினால் போதுமா? திறக்கவும் வேண்டுமே! குண்டர் சட்டத்தின் ஆணைக்கு ஆயுள் 12 மாதம். அதை எதிர்க்கும் மனுவுக்கோ நோட்டீசு, சர்க்காரின் பதில் மனு, வாய்தா எனப் பல மாதம். காவற்காலத்தில் பெரும்பகுதி கழிந்தபின் “ஆணை செல்லாது” என்று தீர்ப்பு வந்தால், செல்லாத ஆணைக்கே அவன் தண்டனையை அனுபவித்தாயிற்றே! ஒப்பமிட்ட அதிகாரி என்ன இழந்தார்? பீகாரில் ருதுல் சா என்பவர் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னும் 14 ஆண்டு சிறையிலே கிடந்தார். 1983இல் அவருடைய ஆட்கொணர்வு வழக்கில் உச்சநீதிமன்றம் மேலும் 30,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த வழி காட்டப்பட்டு நாற்பதாண்டுகள் கடந்தன. நம் மாநிலத்தில் ரத்தான ஆணைகளுக்கெல்லாம் அப்படி ஈடு தந்ததுண்டா?

டில்லியின் கணக்கிலும் ஒரு பழைய கடன் நிற்கிறது. 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம் இரண்டு நன்மைகள் செய்தது. உயிரும் உரிமையும் பற்றிய 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்கவியலாது என்றது. அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அறிவுரைக் குழுவின் கருத்தின்றி அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்து, குழுவின் தலைமையில் பதவியிலிருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதியை அமர்த்தியது. அந்தப் பகுதி இன்றளவும் நடைமுறைக்கு வரவேயில்லை! பாராளுமன்றம் நிறைவேற்றியது, அமலாக்கும் அறிவிப்பை மட்டும், வந்த சர்க்கார் எதுவும் வெளியிடவில்லை. மிசாவில் வதைபட்டோம் என்று மேடைதோறும் வீரம் பேசியவர்கள்கூட அந்த ஒரு தாளில் கையெழுத்திட மனம் வைக்கவில்லை. எதிர்க்கட்சியாய் இருக்கையில் கசக்கும் தடுப்புக் காவல், ஆளுங்கட்சியானதும் இனிக்கிறது போலும்!

ஆகவே நாம் கேட்பவை இவை. 44ஆம் திருத்தத்தின் அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவருக. ஆட்கொணர்வு மனுக்களுக்குத் தனிநாள் குறித்து, வாரக் கணக்கில் முடிக்க வகை செய்க. ஆணை ரத்தாகும்போது ஈடு வழங்குக, ஒப்பமிட்டவரைப் பொறுப்பாக்குக. இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுவதோடு நில்லாமல், மதுரையிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள ஒவ்வொரு கிளையும் இரண்டு தோழர்களையேனும் இந்தப் பணிக்குப் பழக்கி வைக்கட்டும். எந்தத் தாயும் வாயிலைத் தேடி விடியும் வரையில் அலையாதிருக்கட்டும். ஆள் உயிரோடிருக்கும்போதே “ஆளைக் கொணர்க!” என்று கேட்கும் குரலாக நம் குரல் இருக்கட்டும்.